மாமா சிரிக்காத ஞாயிற்றுக்கிழமை

மகனே,

அடுத்த சனிக்கிழமை உனக்குக் கல்யாணம். போன வாரம் தொலைபேசியில் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாய். "அம்மா, மண்டபத்திலை மைக்கைத் தந்தால் ரெண்டு வசனம் வாழ்த்திப்போட்டு இருந்திடுங்கோ. புரொஸ்டேட் பற்றிக் கதைக்காதேங்கோ. மீராவின்ர ஆக்கள் திருச்சியிலை இருந்து வருகினம்." சரி என்றேன். வாக்கைக் காப்பாற்றுவேன். கடிதத்தைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லை.

இதை எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன். ஹம் நகரில் நம்மவர்கள் நடத்தும் சின்னச் சஞ்சிகையில் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இதில் வருகிறவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டேன். உன் மாமா, என் அண்ணன், "என்ர பேரைப் போடாதை, மிச்சம் எல்லாத்தையும் போடு" என்றார். பெயரைப் போடாவிட்டாலும் ஹம்மில் எல்லோருக்கும் தெரிந்துவிடுமே என்றேன். "அப்ப ஏன் என்னட்டைக் கேக்கிறாய்?" என்றார்.

நான் ஏன் இந்தத் துறைக்கு வந்தேன் என்று சின்ன வயதில் கேட்பாய். பெரிய காரணம் ஏதும் இல்லை. யாழ்ப்பாணத்தில் பாதியில் விட்ட மருத்துவப் படிப்பை இந்த நாட்டில், இந்த மொழியில், முதலிலிருந்து தொடங்கி முடித்தபோது எனக்கு முப்பத்தைந்து வயது. ஹம்பேர்க்கில் ஒரு மருத்துவமனையின் சிறுநீரியல் அறுவைப் பிரிவில் இடம் காலியாக இருந்தது. தலைமை மருத்துவர் என் சான்றிதழ்களைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: ஆண்கள் இந்த வேலைக்கு ஒரு பெண்ணிடம் வருவார்களா? நான் சொன்னேன்: நான் வேலை செய்யும்போது அவர்கள் மயக்கத்தில்தானே இருப்பார்கள். அவர் சிரித்தார். இடம் கிடைத்தது. வாழ்க்கையில் சில கதவுகள் இப்படித்தான். உனக்கும் மீராவுக்கும் கார்ல்ஸ்ரூஹேயில் வீடு கிடைத்தது எப்படி என்று யோசித்துப் பார். நீங்கள் போட்ட கணக்கெல்லாம் பிழைத்தது. வீட்டுக்காரியின் நாய்க்கு மீராவைப் பிடித்துக்கொண்டது.

அந்த முதல் இலையுதிர்காலத்தில் நீ நாலாம் வகுப்பு. தெருமரத்தடியில் நீ பொறுக்கிவந்து மேசையில் போட்டிருந்த கஸ்டானியக் கொட்டை ஒன்றை எடுத்து உனக்கு விளக்கினேன். இதுதான் புரொஸ்டேட். இந்த அளவுதான். மேலே சிறுநீர்ப்பை, நடுவில் குழாய், கீழே குழாயை இறுக்கிப் பிடிக்கும் தசைவளையம். கொட்டையில் புற்றுநோய் வந்தால் கொட்டையை எடுத்துவிட வேண்டும், குழாயை மறுபடி தைக்க வேண்டும், வளையம் கெடக்கூடாது. நீ கவனமாகக் கேட்டாய். மறுநாள் அந்தக் கொட்டையைப் பள்ளிக்குக் கொண்டுபோய் வகுப்பு முழுதுக்கும் விளக்கியிருக்கிறாய். ஆண் ஆசிரியர். "உங்களிடமும் ஒன்று இருக்கிறது, இங்கே" என்று இடத்தையும் சுட்டிக் காட்டியிருக்கிறாய். மாலையில் அவர் என்னை அழைத்தார். குரலில் கோபம் இல்லை. எந்த வயதில் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டார்.

என் ஆராய்ச்சி முழுவதும் அந்த வளையத்தைப் பற்றியது. ஒரே கேள்வியோடு பதினைந்து வருடம். வெளியாருக்குச் சொன்னால் கொஞ்சம் பைத்தியம் போலத் தெரியும். அறுவைப் புத்தகங்களில் வளையம் கொட்டையின் நுனியோடு முடிகிறது. நேர்கோடு. அந்தக் கோட்டில் வெட்டு. நான் உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்த்தபோது அது அங்கே முடியவில்லை. சிலரில் கொட்டையின் உள்ளுக்குள் ஏறிப் போயிருந்தது. சிலரில் கொஞ்சம், சிலரில் நிறைய. ஒவ்வொரு ஆணும் வேறு. புத்தகத்தின் கோட்டில் வெட்டினால் உள்ளே ஒளிந்திருக்கும் தசை கொட்டையோடு குப்பைக்குப் போய்விடுகிறது. நிதானமாகத் தேடி, பிரித்து, விட்டுவைத்தால் மிஞ்சுகிறது. அந்த மிச்சம் இருக்கும் மனிதர் இருமலாம், தும்மலாம், பெட்டி தூக்கலாம், நனையமாட்டார். இது என் நம்பிக்கை. நம்பிக்கையை உண்மை என்று காட்டுவதற்குப் பெயர்தான் ஆராய்ச்சி. அதற்கு வெட்டத் தெரிந்தால் போதாது, பிறகு கேட்கவும் தெரிய வேண்டும். மயக்கத்தில் கிடக்கும் உடல் எனக்கு எதையும் சொல்லாது. அவர் வீட்டுக்குப் போய், குசினியில் அடுப்பருகே நின்று, முதல் தடவை தும்மும்போதுதான் நான் செய்த வேலை எப்படி என்று தெரியவரும். அப்போது நான் அங்கே இருக்கமாட்டேன்.

இப்போது மாமா. மீராவுக்கு நீ அவரை எப்படி அறிமுகப்படுத்தினாய் என்று எனக்குத் தெரியாது. அவர் வேலைக்குப் போன காலத்துச் சிரிப்பை அவள் கேட்டிருக்க வழியில்லை. கம்பித் தொழிற்சாலையில் இயந்திரச் சத்தத்துக்கு மேலே கேட்ட சிரிப்பு அது. ஹம்மில் ரயில் ஏறினால் பெட்டியின் மறுகோடியில் இருக்கும் ஜேர்மன்காரர்கள் காரணம் தெரியாமலே சிரிப்பார்கள். தமிழ்ப் பூசைக்குப் பிறகு மாதா கோயில் மண்டபத்தில் நான் ஆண்களுக்கு இந்த நோயைப் பற்றிப் பேசிய நாள் உனக்கு நினைவிருக்கும். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சப்பாத்து நூலை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார். மாமாதான் எழும்பினார். "அண்ணைமாரே, என்ர தங்கச்சி மேடையிலை நிண்டு எங்கட சாமானைப் பற்றிக் கதைக்கிறா. அவ வெட்கப்படேல்லை. நாங்கள் ஏன் நிலத்தைப் பாக்கிறம்? நான் முதல் ஆளாப் போறன்." கைதட்டல். முதல் ஆளாகப் போனார். முதல் ஆளாக அவருக்கே இரத்தச் சோதனையில் இந்த நோயைக் காட்டும் அளவு கூடியிருந்தது.

அண்ணனை நான் வெட்டவில்லை. சொந்தத்தை வெட்டவும் கூடாது. என் முறைப்படி தலைமை மருத்துவர் செய்தார். நான் உன் அப்பாவின் மளிகைக் கடையில் நின்று வெண்டிக்காய் நிறுத்தேன். அவர் என்னை அன்று கல்லாவிலிருந்து தள்ளியே வைத்திருந்தார். புற்றுநோய் முழுதாக வெளியே வந்தது. மாமா எழும்பி நடந்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் வரத் தொடங்கினார்கள். ஹம்மிலிருந்து, சுற்றுப்புற ஊர்களிலிருந்து. அருகில் நல்ல மருத்துவமனைகள் இருக்க, ரயில் மாறி மாறி வடக்கே வந்தார்கள். "எங்கட பிள்ளை இருக்கிறா" என்பதுதான் காரணம்.

அடுத்த கோடையில் கால்பந்து உலகக் கோப்பை இந்த நாட்டில் நடந்தது. கார்களிலெல்லாம் கொடி. எனக்கு முன்னால் பேராசிரியர் தகுதிக்கான நெடும்பாதையின் கடைசி வளைவு. ஆய்வை முடிக்க வேண்டும், பல்கலைக்கழகத்தில் எல்லோருக்கும் திறந்த உரை ஒன்று ஆற்ற வேண்டும். அறுவை முடிந்தவர்களைத் தொலைபேசியில் நிலைமை கேட்கும் வேலை எங்கள் ஆய்வு உதவியாளர் ஃபிராவ் ஹான்சனுடையது. அறுவை செய்தவரே கேட்கக்கூடாது என்பது ஒழுங்கு. ஃபிராவ் ஹான்சனுக்குத் தமிழ் தெரியாது. நீ விடுமுறையில் வீட்டில் இருந்தாய். அறுவை செய்தவரின் மகன் கேட்கக்கூடாது என்று எந்த ஒழுங்கும் சொல்லவில்லை. அப்படித்தான் உன்னை அந்த நாற்காலியில் இருத்தினேன். முதல் அழைப்பை நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன்.

"வணக்கம், நான் ஹம்பேர்க் ஆஸ்பத்திரியிலை இருந்து எடுக்கிறன்."

ஒலிபெருக்கியில் வைத்திருந்தாய். மறுமுனைக் குரல் அறை முழுதும் கேட்டது. "ஆர், டொக்டர் பிள்ளையின்ர மோனோ?"

"ஓம். உங்கட ஒபரேசனுக்குப் பிறகு, ஐயா, அது வந்து, சலம், சிறுநீர் போறது..."

"எல்லாம் நல்லா இருக்கு, தம்பி."

"இருமேக்கை? தும்மேக்கை?"

"நல்லா இருக்கு. படிப்பு எப்பிடிப் போகுது? அம்மா சுகமோ? இஞ்சை மட்ச் தொடங்கப் போகுது, வைக்கிறன், என்ன?"

எல்லோரும் அப்படித்தான். நல்லா இருக்கு. ஃபிராவ் ஹான்சனின் ஜேர்மன்காரர்கள் பலவிதம். ஒருவர் சந்தோசம், ஒருவர் அழுகை, ஒருவர் ஒரு மணிநேரம் மருத்துவமனைச் சாப்பாட்டைத் திட்டினார். நம்முடையவர்கள் ஒருவர் விடாமல் உலர்ந்திருந்தார்கள். தலைமை மருத்துவர் வியந்துபோனார். உங்கள் தமிழர்கள் அற்புதம் என்றார். மதிய உணவின்போது கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: சிறுவயதிலிருந்து குந்தியிருந்து பழகிய உடல் அல்லவா, அதனால் இடுப்புத் தசை பலமாக இருக்குமோ? எனக்கு அது பிடித்துப்போயிற்று. சொன்னால் நம்பமாட்டாய், நான் அதைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். உன் அப்பா கடையில் குந்தியிருந்து மிளகாய்த்தூள் பெட்டி அடுக்குவதைப் பின்னால் நின்று ஆராய்ந்தேன். "என்னப்பா பாக்கிறாய்?" என்றார். "ஒண்டுமில்லை, அடுக்குங்கோ" என்றேன். உரைக்கான படங்களில் குந்தியிருக்கும் மனிதன் ஒருவனைச் சேர்த்தேன். அழகான படம். படித்த முட்டாளுக்கு அந்தக் கோடையில் என்னைவிட நல்ல உதாரணம் வடஜேர்மனியில் இருந்திருக்காது.

பிறகு மாமியின் பிறந்தநாள். எனக்கு வேலை. நீ மட்டும் ஹம்முக்குப் போனாய். அன்றைய மதியச் சாப்பாட்டைப் பின்னால் பலர் எனக்குச் சொல்லிவிட்டார்கள், ஆகவே பார்த்ததுபோலவே எழுதுகிறேன். நீ படிக்கப் போன கார்ல்ஸ்ரூஹேயில் உன் முதல் வீட்டுக்காரர் தேநீர்ப் பையை எறியும் முறையைக் கற்பித்ததை நடித்துக் காட்டினாய். இலை பழுப்புத் தொட்டியில். கடதாசி நீலத் தொட்டியில். நூல் கறுப்புத் தொட்டியில். அந்தக் குட்டி உலோகக் கொக்கியைக் கையில் பிடித்தபடி அவர் நெடுநேரம் யோசித்து நின்றதை நீ செய்து காட்டியபோது மாமி கதிரையிலிருந்து வழுக்கினாராம். குழந்தைகள் தரையில் உருண்டார்கள். மாமா உதட்டை இறுக்கிக்கொண்டு சுவர்க் கலண்டரைப் பார்த்தார். பிறகு எழும்பி, "அடுப்பிலை என்னவோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அடுப்பில் ஒன்றும் இல்லை.

திரும்பும் ரயிலிலிருந்து எனக்குத் தொலைபேசி எடுத்தாய்.

"அம்மா, மாமா சிரிக்கேல்லை."

"பகிடி நல்லா இருந்திராது."

"அம்மா. மாமா, பாதர் பிரசங்கம் வைக்கேக்கையே சிரிக்கிற ஆள்."

ரயில் ஏதோ பாலத்தைக் கடக்கும் சத்தம்.

"அவர் எனக்கு நல்லா இருக்கு எண்டுதான் சொன்னவர். எல்லாரும் அதே சொல்லைத்தான் சொன்னவை. ஒரே மாதிரி. ஆரோ சொல்லிக் குடுத்த மாதிரி."

அங்கேயே எனக்கு விளங்கிவிட்டது: சிரித்தால் நனைகிறது. அறிவுக்கு விளங்கியது. மனம் இன்னும் குந்தியிருக்கும் மனிதனைப் பிடித்துக்கொண்டிருந்தது.

மகனே, இதை மட்டும் நீ சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆட்டம் கண்டது பேராசிரியர் பட்டம் மட்டும் என்றால் நான் இரண்டு நாள் அழுதுவிட்டு விட்டிருப்பேன். நான் அந்த உரையில் என் முறை இவ்வளவு நல்லது என்று சொல்லப்போகிறேன். வேறு ஊர்களிலிருந்து வருகிற அறுவை மருத்துவர்கள் அதைக் கேட்டுக்கொண்டு போய் அதேபோல வெட்டப்போகிறார்கள். நான் பார்த்தே இராத மனிதர்களை. என் வெட்டு உண்மையில் உதவுகிறதா என்பது எனக்குத் தெரியாது. தெரியும் என்று நினைத்திருந்தேன். ஒரு சிரிப்பு வராததால் தெரியாமல் போயிற்று.

அடுத்த ஞாயிறு இருவரும் ஹம்முக்குப் போனோம். நீ கார் ஓட்டினாய். மாமி கதவைத் திறந்து நம் முகத்தைப் பார்த்தவுடனே உள்ளே திரும்பி, "வந்திட்டினம். நான் அப்பவே சொன்னனான்" என்றார். மாமா குசினி மேசையில் பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தார். நான் இருக்கவில்லை. நின்றபடி கேட்டேன்.

"அண்ணை, நனையுதோ?"

"என்ன கேள்வி இது, வந்ததும் வராததுமா. இரு. தேத்தண்ணி குடி."

"நனையுதோ, இல்லையோ?"

"கொஞ்சம்."

மாமி அடுப்படியிலிருந்து: "கொஞ்சமாம்! கறுப்புக் கால்சட்டையாத் தோய்ச்சுத் தோய்ச்சு என்ர மெசின் பழுதாப்போச்சு."

"மற்றவைக்கும் நீங்கள்தான் சொல்லிக் குடுத்தனீங்களோ?" இது நீ.

மாமா பலாக்கொட்டையைக் கீழே வைத்தார். "ஓம், மருமோன். நான்தான் ஒவ்வொருத்தருக்கும் ரெலிபோன் எடுத்தனான். எங்கட பிள்ளை இந்த நாட்டிலை ப்ரொபசர் ஆகப் போறா. வெள்ளைக்காரர் கூடியிருந்து பாக்கப் போறாங்கள். ஒருத்தரும் நனையுது கினையுது எண்டு சொல்லிக் குழப்பிப் போடாதையுங்கோ எண்டு. அவையும் ஓம் எண்டவை. பிழையே?"

"மாமா, அம்மா அறியிறதுக்குத்தான் கேட்டவ. புகழுறதுக்கு இல்லை."

"நீ சின்னப் பெடியன். உனக்கு விளங்காது. உன்ர கொம்மா இந்த இடத்துக்கு வர எவ்வளவு கஷ்டப்பட்டவ எண்டு எங்களுக்குத்தான் தெரியும். அவவின்ர கைபட்டு நனையுது எண்டு சொல்ல எந்த நாய்க்கு வாய் வரும்?" பிறகு என் பக்கம் திரும்பினார். "உனக்கு வெட்கமா இராதோ, பிள்ளை?"

"எனக்கு ஏன் அண்ணை வெட்கம்? நனையிறது நீங்கள்."

பிறகு மாமாவின் தோள் குலுங்கத் தொடங்கியது. உதட்டை இறுக்கிப் பார்த்தார். முடியவில்லை. வெடித்தது. அந்தப் பழைய சிரிப்பு, ஒரு வருடமாகப் பூட்டி வைத்திருந்தது. "ஐயோ, போச்சு, போச்சு" என்று கத்திக்கொண்டே மேசையைப் பிடித்து எழும்பி, குளியலறைக்கு ஓடி, ஓடும்போதும் சிரித்து, கதவுக்கு உள்ளேயிருந்தும் சிரித்தார். மாமி தலையில் கைவைத்தார். "மெசின் போடுறன்" என்றார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சிரிப்பில்தான். அவ்வளவு அன்போடு யாரும் என் ஆராய்ச்சியை நாசமாக்கியிருக்க முடியாது.

திங்கட்கிழமை தலைமை மருத்துவரிடம் சொன்னேன். நம்மவர்களின் பதில்களை முழுக்க நீக்கவேண்டும், உரையைத் தள்ளிப்போட வேண்டும். குந்தியிருக்கும் மனிதனை அவர் முன்னாலேயே அழித்தேன். உங்கள் மக்கள் உங்களுக்காகப் பொய் சொல்லியிருக்கிறார்கள் என்றார். பிறகு, தன்னிடமே கேட்பதுபோல: என் மக்கள் என்னிடம் என்ன சொல்கிறார்கள்? வேறு ஒருவரை வைத்துத் தன் நோயாளிகளை மறுபடி கேட்கச் சொன்னார். அவர்களிலும் ஒரு பகுதியினர், கைகுலுக்கி வழியனுப்பிய பெரிய டொக்டருக்கு ஒரு பதிலும் முகம் தெரியாத குரலுக்கு வேறு பதிலும் சொல்லியிருந்தார்கள். அவர் கோபப்படவில்லை. அதன் பிறகு என் ஆராய்ச்சியில் பாதி எப்படி வெட்டுவது என்பது, பாதி எப்படிக் கேட்பது என்பது.

கேட்கும் வழியைக் கண்டுபிடித்தது நீ. எங்கள் குசினியில், பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டு. "நல்லா இருக்கோ எண்டு கேட்டா நல்லா இருக்கு எண்டுதான் வரும், அம்மா. அது சுகமோ எண்டு கேக்கிற மாதிரி. அதுக்கு ஒரு பதில்தான் இருக்கு." பிறகு நீ கேள்விகளைச் சொல்லச் சொல்ல நான் வாய் பிளந்து இருந்தேன். கடைசியாய் எப்போது வயிறு குலுங்கச் சிரித்தீர்கள்? கோயிலில் வாங்குப் பலகையின் எந்த ஓரத்தில் இருக்கிறீர்கள்? வெளிர்நிறக் கால்சட்டை வைத்திருக்கிறீர்களா, போட்டீர்களா? ஒரு கேள்வியிலும் சிறுநீர் என்ற சொல்லே இல்லை. முன்பு அரை நிமிடத்தில் தொலைபேசியை வைத்தவர்கள் இப்போது வைக்க மறுத்தார்கள். ஒருவர், கதவுக்குப் பக்கத்து வாங்கில் இருப்பதால் பாதர் தன்னைக் கஞ்சன் என்று நினைக்கிறார், காணிக்கைத் தட்டு வருமுன் தான் எழும்பி ஓடவேண்டியிருக்கிறது என்றார். இன்னொருவர் பேத்தியைத் தூக்குவதில்லை என்றார். அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்சநேரம் பேசவில்லை. நீயும் பேசாமல் காத்திருந்தாய். அந்தக் காத்திருத்தலை யாரிடம் கற்றாய் என்று தெரியவில்லை, என்னிடம் இல்லை. உண்மையிலேயே நன்றாக இருந்த சிலருக்குக் கோபம். "இப்ப நல்லா இருக்கு எண்டா நம்பமாட்டியளோ? வந்து பாக்கப் போறியளோ?" என்று ஒருவர் சத்தம் போட்டார்.

எல்லாவற்றையும் நேராகச் சேர்த்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. என் வெட்டு உதவுகிறது. நான் ஆசைப்பட்ட அளவுக்கு இல்லை. ஆனால் உதவுகிறது, அது உண்மை, யாரும் கொண்டுபோய்ச் செய்யலாம். அன்று நீ, நான், அப்பா மூவரும் கடையைப் பூட்டிவிட்டு மத்திய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஐஸ்கிரீம் சாப்பிட்டோம். கைக்கு அடக்கமான ஒரு சின்ன உண்மை இருந்தது. அதன் சுகம் வேறு. குந்தியிருந்த மனிதன் எனக்கு அதைத் தரவில்லை.

இன்னொன்றும் தெரிந்தது: அறுவைக்குப் பிறகு நம் ஆண்கள் யாருமே வளையத்தைப் பலப்படுத்தும் பயிற்சிக்குப் போகவில்லை. பயிற்சி சொல்லிக்கொடுப்பவர் இளம் பெண் என்பதால். ஆகவே அந்தப் பெண்ணையே கோயில் மண்டபத்துக்கு அழைத்துவந்தோம். பாயில் வரிசையாக ஆண்கள், முழங்கால் மடித்து, முகட்டைப் பார்த்து. உள்ளே ஒரு லிஃப்ட் இருப்பதாக நினையுங்கள், அதை மெதுவாக மேலே கொண்டுபோங்கள் என்று அந்தப் பெண் ஜேர்மனில் சொல்ல, மாமா மொழிபெயர்த்தார். "லிஃப்டை ஏத்துங்கோ. ஏத்துங்கோ. அங்கை நிப்பாட்டுங்கோ. அண்ணை, நீங்கள் மூச்சை ஏத்துறியள், லிஃப்ட் கீழயே நிக்குது." மூலையில் ஒருவர்: "என்ர லிஃப்ட் திருத்த வேலையிலை." அந்தப் பெண் ஒன்றும் விளங்காமலே சிரித்து அழுதாள். வியாழன்தோறும் நடந்தது. பிறகு வியாழன் தவறினால் மனைவிமார் எனக்குத் தொலைபேசி எடுத்தார்கள்.

அடுத்த வருடம் என் உரை. ஹம்மிலிருந்து எல்லோரும் வார இறுதி ரயில் டிக்கெட்டில் கூட்டமாக வந்தார்கள். கழுத்துப்பட்டியோடு, பலகாரப் பெட்டியோடு. நீ கடைசி வரிசையில் நின்றாய். நான் முதலில் பிழையாகக் கேட்டேன் என்பதிலிருந்து தொடங்கினேன். முடித்ததும் ஒரு மூத்த பேராசிரியர் எழும்பி, இந்த நோயாளிகள் இப்போதாவது உண்மை சொல்கிறார்கள் என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் வாய் திறக்குமுன் மாமா எழும்பிவிட்டார். ஜேர்மனில், தொழிற்சாலை ஜேர்மனில்: "நான் நனைந்திருந்தேன். நல்லாயிருக்கு என்றேன். பொய். இப்போது காய்ந்திருக்கிறேன். பெரும்பாலும்." அரங்கம் அதிர்ந்தது. கேள்வி கேட்டவர்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார்.

இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் என்றால், நீயும் மீராவும் ஒருவரை ஒருவர் நேசிக்கிறீர்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, பயம் அதில்தான். நேசிக்கிறவர்கள் நல்லா இருக்கு என்று சொல்லிவிடுவார்கள். அவள் சமைத்ததை நீ சொல்வாய். உன் வேலையை அவள் சொல்வாள். களைத்து வந்து கதவைத் திறக்கும்போது இருவரும் சொல்வீர்கள். அதில் கெடுதி இல்லை, அந்தச் சொல் இல்லாமல் வீடு நடக்காது. ஆனால் வாரத்தில் ஒரு தரமாவது, பதில் ஒன்றுக்கு மேல் இருக்கக்கூடிய ஒரு கேள்வியைக் கேள். கேட்டுவிட்டு, அன்று தொலைபேசியில் பேத்தியைத் தூக்காதவரோடு செய்ததுபோல, பேசாமல் இரு. உனக்கு அது தெரியும். உனக்குத் தெரிந்ததை உனக்கே நான் சொல்கிறேன். அம்மாமார் அப்படித்தான்.

உரை முடிந்து வெளியே வந்தோம். அகலமான படிக்கட்டு. கீழே பேராசிரியர்கள் கைகொடுக்கக் காத்திருந்தார்கள், யாரோ பூக்கொத்து வைத்திருந்தார்கள். பாதிப் படியில் மாமா என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். நெருங்கி வந்து, குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்.

"பிள்ளை, இப்ப உள்ளுக்குச் சிரிக்கேக்கை கொஞ்சம் நனைஞ்சது. ஒரு துளிதான். மறக்க முதல் சொல்லிப்போட்டன்."

பூக்கொத்தோடு நின்றவர்கள் கொஞ்சநேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. நான் படியிலேயே இருந்துவிட்டேன், மாமாவும் என் பக்கத்தில் இருந்தார். எப்போது, எவ்வளவு, இருந்தபோதா எழும்பியபோதா என்று நான் கேட்டேன். அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

சனிக்கிழமை கோயிலில் சந்திப்போம்.

அம்மா